எக்கோ அறையில் நான் பிடித்திருந்த தாலி

மதினி,

சங்கிலியின் ஒரு கண்ணிக்குள் ஜெல்லி காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கழுத்தைக் கழுவினேன், சேலையை மாற்றினேன், சங்கிலியை மட்டும் மறந்துவிட்டேன். இப்போது சன்னல் பக்கம் உட்கார்ந்து நகத்தால் சுரண்டப் போனவள், சுரண்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளியே சாரல். தென்காசிச் சாரலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெய்கிறதா இல்லையா என்று கையை வெளியே நீட்டிப் பார்த்தால்தான் தெரியும். கோபுரம் பாதி தெரிகிறது, பாதி தெரியவில்லை. மேற்கே மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளையாக இருக்கிறது. இந்த மாதிரிச் சாயங்காலங்களில் நீங்கள் போனதே எனக்கு மறந்துவிடுகிறது.

எனக்கும் எக்கோ எடுத்தாயிற்று மதினி. சிரிக்காதீர்கள். அதே ஆஸ்பத்திரி, அதே மாடி, செருப்பைக் கழற்றச் சொல்லும் அதே கதவு. தபால் ஆபீஸ் மாடிப்படியில் ஒரு கட்டுத் தபாலைத் தூக்கிக்கொண்டு ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வயதாகிறது, உடம்பு பெருத்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லித் திரிந்தேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, "ஒரு சத்தம் இருக்கும்மா, எக்கோ எடுத்துப் பாத்துருவோம்" என்றார். அவர் சொன்னது பங்குனியில். நான் போனது ஆடி பிறந்த பிறகு, இன்றைக்கு. நோய்க்குப் பயந்துகொண்டு தள்ளிப்போடுகிறேன் என்று அண்ணன் நினைத்தான். நோய்க்கு இல்லை. எனக்கு அந்த அறைக்குத்தான் பயம். அங்கே நீங்கள் என் கையில் ஒன்றைக் கொடுத்தீர்கள். கொடுத்திருக்கக் கூடாதோ, நான் வாங்கியிருக்கக் கூடாதோ என்று இத்தனை வருடமாக மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொன்னதில்லை.

உங்கள் கல்யாணத்தன்று எனக்குப் பாவாடை தாவணி. பட்டாளத்திலிருந்து லீவில் வந்த அண்ணன் மணவறையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். தாலியை உங்கள் கழுத்தில் வைத்து முதல் முடிச்சை மட்டும் போட்டான். மிச்ச முடிச்சு நாத்தனார் போட வேண்டியது. நான் உங்கள் பின்னால் குனிந்து, பூ வைத்த சடையை ஒதுக்கிவிட்டு, மஞ்சள் கயிற்றை இழுத்து இறுக்கினேன். கெட்டிமேளத்துக்கு நடுவே, தலையைத் திருப்பாமல் சொன்னீர்கள்: "ஏட்டி, மெதுவா. கழுத்த நெரிச்சிராத." நீங்கள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். மணப்பெண் என்றால் தலையைக் குனிந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்திருந்த எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போட்டோவில் நான் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது அதனால்தான்.

அப்புறம் நீங்கள் வாசுதேவநல்லூர் வீட்டில், அண்ணன் எங்கெங்கோ பனியிலும் மணலிலும். நான் கல்யாணமாகித் தென்காசி வந்தேன். என் வீட்டுக்காரர் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அவர் வேலை பார்த்த தபால் ஆபீஸிலேயே எனக்கும் ஒரு வேலை போட்டுக் கொடுத்தார்கள். கவுண்டரில் உட்கார்ந்து எல்லோரிடமும் வள்ளென்று விழுவதற்குப் பழகிக்கொண்டேன். ஆனால் கல்யாண வீடுகளில் என் சத்தம் அடங்கிவிடும். தாலியைத் தட்டில் வைத்து எல்லோரும் தொட்டு ஆசீர்வாதம் பண்ணக் கொண்டுவரும்போது நான் பந்திப் பக்கம் போய் வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். யாரும் என்னைப் போகச் சொன்னதில்லை. கால் தானாக அங்கே போய்விடும். நீங்கள் ஒரு தடவை அடுப்படி வரைக்கும் தேடி வந்து, "எல எல்லாம் ஒனக்காக அழுதாட்டி? வா அங்கன" என்று கூப்பிட்டதும், நான் வராததும் நினைவிருக்கிறது.

உங்களுக்கு மூச்சு முட்டுகிறது என்று நீங்களாகச் சொல்லவில்லை. கோயில் கொடை விழாவுக்கு நான் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, உங்கள் கட்டிலில் சுவரோடு தலையணைகள் அடுக்கியிருப்பதைக் காலையில் பார்த்தேன். என்ன இது என்று கேட்டதற்கு, "சாஞ்சுக்கிட்டே தூங்குனா கனவு நல்லா வருது" என்றீர்கள். படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்காருகிற மாதிரி இருக்கிறது, மாதக்கணக்காக உட்கார்ந்தேதான் கண்ணை மூடுகிறேன் என்பதை உங்களிடமிருந்து பிடுங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "ஒங்க அண்ணன்ட்ட சொல்லிராத. அவுக அங்கன எல்லையில நிக்காக. இதையும் தூக்கிட்டு நிக்கணுமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அண்ணன் ஓய்வு பெற்று வர இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அதுவரைக்கும் தள்ளிவிடலாம் என்று உங்கள் கணக்கு. நான் கேட்கவில்லை. உங்களை விடாப்பிடியாகத் தென்காசிக்கு வரவைத்தேன்.

அன்றைக்கும் இதே சாரல். வாசுதேவநல்லூர் பஸ்ஸிலிருந்து நீங்கள் இறங்கியபோது சேலை கசங்காமல், முகம் பளபளவென்று இருந்தது. நோயாளி மாதிரியா வந்தீர்கள்? முந்தின நாள் சாப்பிட்டதோடு சரி, கோயிலுக்கு விரதம் இருப்பதுபோல வெறும் வயிற்றோடு வேறு. ஆஸ்பத்திரி முன்கூடத்தில் இருந்த நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இதுக்குப் பட்டினி எல்லாம் வேண்டாம்க்கா. சாப்பிட்டுட்டு, போடுத மாத்திரையப் போட்டுட்டே வரலாம். ஊசி கெடையாது, கரண்ட் கெடையாது. வயித்துப் பிள்ளைக்கு ஸ்கேன் பாக்குதாங்கள்லா, அதத்தான் நெஞ்சுக்குப் பாக்குதது" என்றார். என் டப்பாவில் இருந்த இட்லியை வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். இட்லியைப் பொடிப்பொடியாகப் பிய்த்துக்கொண்டே இருந்தீர்கள். அப்போதுதான் நீங்கள் பயந்துபோயிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தது.

அறைக்குள் விளக்கை அணைத்திருந்தார்கள். திரையின் வெளிச்சம் மட்டும் சுவரில் நீலமாக விழுந்துகொண்டிருந்தது. குளிர். செங்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, எக்கோ எடுக்கும் டெக்னீஷியன், உங்களை ரவிக்கையைக் கழற்றிவிட்டு முன்பக்கம் திறக்கிற ஆஸ்பத்திரி அங்கியைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். ஆண்கள் யாரும் உள்ளே வரமாட்டார்கள் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள். நெஞ்சில் ஒட்டுவதற்கு மூன்று பட்டைகள் எடுத்தாள், வயர் கோத்தவை. ஒட்டினாள், வழுக்கியது. இன்னொரு தடவை ஒட்டினாள், அதுவும் வழுக்கிக் கீழே விழுந்தது.

"ஏக்கா, எண்ண தேச்சா வந்திருக்கீங்க?"

"ஆமாம்மா. இங்கன முடிஞ்சா அப்பிடியே குத்தாலம் போயி அருவியில நின்னுட்டு வந்துரலாம்னு."

எனக்கு வந்த கோபத்தில் உங்களை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பேன். அந்தப் பிள்ளை கோபப்படவில்லை. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக்கொண்டே, "சீசன் வந்தா எங்களுக்கு இதே பாடுதான். பாதிப் பேரு அருவிக்குப் போற வழியிலதான் எக்கோ எடுக்க வாராங்க" என்றாள். நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினீர்கள். ஊரே அப்படித்தான் என்று உங்களுக்குச் சாட்சி கிடைத்துவிட்டதே.

அதன் பிறகுதான் தாலி வந்தது. நெஞ்செலும்புக்கு இடது பக்கம் அவள் கருவியை வைக்க வேண்டிய இடத்தில், அளந்து வைத்த மாதிரி அது கிடந்தது.

"அந்தச் செயின மட்டும் கழட்டி ஒங்க கூட வந்தவங்கள்ட்ட குடுத்துருங்க."

"அது கழட்ட முடியாதும்மா."

"கொஞ்ச நேரந்தான்க்கா."

"கொஞ்ச நேரமும் முடியாது. அவுக பார்டர்ல இருக்காக."

அதற்கு மேல் அவள் ஏன் என்று கேட்கவில்லை. "கழட்டியே ஆகணும்னு ஒண்ணும் இல்ல. நான் வைக்கிற எடத்துல குறுக்க வராம இருந்தாப் போதும்" என்றாள். நீங்கள் தாலியைத் தூக்கி வாயில் வைத்துப் பல்லால் கடித்துக்கொண்டீர்கள். "மூச்ச நல்லா இழுத்து, அப்பிடியே பிடிச்சு, பெறகு விடுங்கன்னு சொல்லுவேன். வாயில தாலிய வச்சுக்கிட்டு எப்பிடி விடுவீங்க?" என்று அவள் கேட்க, நீங்கள் "ம்ம், ம்ம்" என்று ஏதோ சொன்னீர்கள். பிறகு அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுப் பார்த்தோம். இடது பக்கமாக ஒருக்களித்து, இடது கையைத் தலைக்குக் கீழே வைத்துப் படுக்க வேண்டுமே. படுத்ததும் அது சரிந்து மறுபடியும் முன்னால் வந்து விழுந்தது. நீங்கள் தலையைத் தூக்கி இருட்டில் என்னைத் தேடினீர்கள்.

"ஏட்டி, நீ வந்து பிடி."

நான் ஒரு எட்டுப் பின்னால் போனேன். "நான் வேண்டாம் மதினி. வெளிய நர்ஸம்மா இருக்காங்க. கூப்பிட்டுட்டு வாரேன்."

"அந்தம்மாவா எனக்கு நாத்தனா? அன்னைக்கு முடிச்சு போட்டது நீதான?"

"அன்னைக்கு நான்..." என்றேன். அன்றைக்கு நான் கன்னி கழியாத பிள்ளை, இன்றைக்கு அப்படியா என்பதை எப்படி வாய்விட்டுச் சொல்ல? வேறு எதையோ சொன்னேன். "அது மஞ்சக் கயிறு மதினி. அதெல்லாம் எப்பவோ மாத்தியாச்சு. இது செயின்லா."

"கயித்த மாத்துனா நீ போட்ட முடிச்சு போயிருமாக்கும்? பிடிட்டி. இந்தப் பிள்ளைக்கு வேற சோலி இல்லையா?"

பிடித்தேன் மதினி. உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, சங்கிலியைப் பிடரிப் பக்கமாக இழுத்து, தாலியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். உங்கள் உடம்புச் சூடு அதில் இருந்தது. எண்ணெயும் இருந்தது. எத்தனையோ வருடமாக எந்தத் தாலியையும் தொடாத கை. அப்போது எனக்கு வந்த பயம் உங்கள் இருதயத்தைப் பற்றியே இல்லை. எங்கேயோ பனியில் துப்பாக்கியோடு நிற்கிற அண்ணனை நினைத்துத்தான் பயந்தேன். என் கை பட்டதால் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? காசி விசுவநாதா, அவனை ஒன்றும் செய்துவிடாதே, வேண்டுமானால் என்னை எடுத்துக்கொள் என்று அந்த இருட்டில் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

ஜெல்லியைத் தடவியதும் நீங்கள் "சில்லுன்னு இருக்கு" என்று தோளைச் சுருக்கினீர்கள். அந்தப் பிள்ளை மைக் மாதிரி இருந்த கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். கொஞ்சம் அழுத்தத்தான் வேண்டும், வலித்தால் சொல்லுங்கள் என்றாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு விசிறி விரிந்தது. அதற்குள் ஏதோ ஒன்று திறந்து மூடி, திறந்து மூடி, தன்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. உங்கள் தோளுக்கு மேலே நான் அதைப் பார்த்தேன். அன்றைக்குக் கல்யாண வீட்டில் அடுப்படி வரைக்கும் என்னைத் தேடி வந்த மனசு இருப்பது இங்கேதானா என்று தோன்றியது. அவள் ஒரு பொத்தானை அமுக்கினாள். விசிறிக்குள் சிவப்பும் நீலமும் பொங்கின. கருவியைப் பார்த்து வருகிற ரத்தம் சிவப்பு, விலகிப் போகிறது நீலம், நல்லது கெட்டது என்று அர்த்தம் இல்லை என்று, நான் கேட்டதற்குச் சொன்னாள். இன்னொரு பொத்தானை அமுக்கினாள். அறை முழுக்கச் சத்தம் எழுந்தது. புஸ், புஸ் என்று, தாளம் தப்பாமல், தூரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே, "அருவி விழுதா?" என்று கேட்டீர்கள்.

"ஒங்க ரத்தம் ஓடுத சத்தந்தான்க்கா அது."

"இம்புட்டுத் தண்ணியா வருது!" என்றீர்கள்.

நெஞ்சுக்குக் கீழே, பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை மடக்கச் சொல்லி வயிற்றுக்கு மேலே, கடைசியாகக் கழுத்துக் குழியில் என்று அவள் இடம் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள். சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. திரை வெளிச்சம் உங்கள் கன்னத்தில் அசைந்துகொண்டிருந்தது. நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கால் தரையில் இருந்ததா என்றும் தெரியவில்லை. குற்றாலத்தில் அருவிக்குள் தலையைக் கொடுத்தால் ஊர், வீடு, பேர் எல்லாம் மறந்து சத்தம் மட்டும் மிஞ்சுமே, அப்படி நின்றேன். தாலியைப் பிடித்த கை மட்டும் எனக்கு நினைவில் இருந்தது.

"மூச்ச விடுங்கக்கா" என்று அவள் சொன்னாள். நீங்கள் விடவில்லை. "அக்கா?" குனிந்து பார்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. என் கைதான், என் கைதான் என்று உள்ளே அலறினேன். அவளோ என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "தூங்கிட்டாங்க." உங்கள் வாயிலிருந்து மெல்லக் குறட்டை வந்தது. மாதக்கணக்காகப் படுத்துத் தூங்காத மனுசி, நெஞ்சில் கருவியை வைத்து அழுத்திக்கொண்டிருக்கையில் தூங்கிவிட்டீர்கள். தலைப்பக்கம் கட்டிலை உயர்த்தி வைத்திருந்ததால் இருக்கும் என்று அவள் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

என்ன தெரிந்தது என்று அவளிடம் கேட்டேன். படம் எடுப்பதுதான் தன் வேலை, டாக்டர் பார்த்துச் சாயங்காலம் சொல்வார் என்றாள். ஜெல்லியைத் துடைத்துவிட்டு, இனி போய் எப்போதும்போல எதுவும் செய்யலாம் என்றதும் உங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. மழையில் குற்றாலம் பஸ்ஸுக்கு நடந்தீர்கள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், தாலி முதுகில் கிடக்கிறது. அப்படியே கடைத்தெரு முழுக்க நடந்து வந்திருக்கிறீர்கள். நான் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

பெரிய அருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் நெரிந்தது. ரிப்போர்ட் வராமல் தலையைக் கொடுக்க விடமாட்டேன் என்று உங்கள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். "எண்ண தேச்சது வீணாப் போச்சு" என்று முனகிக்கொண்டு, தண்ணீர்ப் புகை வந்து விழுகிற பாறையோரமாக முகத்தை நீட்டிக்கொண்டு நின்றீர்கள். முகத்தில் பொடிப்பொடியாகத் தண்ணீர். "ஏட்டி, உள்ள கேட்டது இதே சத்தந்தான். நம்ம மேல விழாம நமக்குள்ள விழுது" என்றீர்கள். நான் மங்குஸ்தான் வாங்கப் போனேன். திரும்பி வரும்போது கடை ஓரமாக ஒதுங்கி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டீர்கள். யாரென்று கேட்டேன். "ஒங்க அண்ணன்தான். அங்கன மழையான்னு கேக்காக" என்று பழத்தை வாங்கித் தோலை உடைத்தீர்கள். அவ்வளவுதான் பேசினீர்கள் என்று நான் நம்பினேன்.

சாயங்காலம் டாக்டர் சொன்னார். சின்ன வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். பிறந்த ஊரில், திருவேங்கடத்தில், பள்ளிக்கூடம் போகாமல் படுத்துக் கிடந்தேன் என்று நீங்கள் சொன்னீர்கள். அந்தக் காய்ச்சல்தான் இத்தனை வருடம் கழித்து இடது பக்க வால்வைச் சுருக்கியிருக்கிறதாம். மழையில் ஊறி வீங்கிய கதவு மாதிரி அது முழுதாகத் திறக்கவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். நல்ல நேரத்தில் பார்த்தோம் என்றார். திருநெல்வேலியில் தொடை வழியாகக் குழாய் விட்டு, பலூனால் அதை விரித்துவிட்டார்கள். அண்ணன் லீவு போட்டு ஓடி வந்தான். அப்புறம் நீங்கள் மல்லாந்து படுத்துத் தூங்கினீர்கள், குறட்டை விட்டீர்கள். அண்ணன் முழுசாக வீடு வந்து சேர்ந்தான். இரண்டு பேரும் சேர்ந்து சின்னப் பிள்ளைகள் மாதிரி சண்டை போட்டீர்கள். சீசனுக்கு சீசன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு வந்தீர்கள்.

போன வருடம் மார்கழியில் வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கி உங்களைக் கொண்டுபோய்விட்டது. அண்ணன் பக்கத்தில்தான் இருந்தான். "பூவும் பொட்டுமாப் போயிட்டா, குடுத்து வச்சவ" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். எனக்கு அது காதில் வேறு மாதிரி விழுந்தது. அன்றைக்கு அந்த இருட்டில் அண்ணனை விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டேனே, உங்களைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டவில்லையே என்று தோன்றியது. தாலி கட்டியவனை விட்டுவிட்டு, தாலி போட்டிருந்தவளை என் கை எடுத்துக்கொண்டதோ? கவுண்டரில் ஸ்டாம்பைக் கிழிக்கும்போது கையைப் பார்ப்பேன். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்தால் மட்டும் மனசு விட்டுவிடுகிறதா?

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் தாலியைக் கோயில் உண்டியலில் போட்டான். சங்கிலியை என்னிடம் நீட்டினான். வேண்டாம் என்றேன். "போட்டுக்கோ" என்றான். பட்டாளத்துக்காரன் அதற்கு மேல் பேசமாட்டான். போட்டுக்கொண்டேன்.

இன்றைக்குக் காலையில் அந்த அறையில் அதே பிள்ளை இருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், கழுத்தில் மஞ்சள் கயிறு. எனக்கு அவளைத் தெரிந்தது, அவளுக்கு என்னைத் தெரியவில்லை. "அக்கா, அந்தச் செயினக் கழட்டிருங்க" என்றாள். கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனேன். கொக்கியைத் தொட்டேன். கழற்ற முடியவில்லை மதினி. அதில் தாலி இல்லை, எல்லையில் யாரும் நிற்கவும் இல்லை, ஆனாலும் முடியவில்லை. "பின்னால போட்டுக்கிடுதேன்" என்றேன். நானே முதுகுப் பக்கம் தள்ளி, வலது கையைப் பின்னால் வளைத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு படுத்தேன். ஜெல்லி சில்லென்று இருந்தது. விளக்கு அணைந்தது. திரையில் என்னுடையது திறந்து மூடியது. அப்புறம் அந்தச் சத்தம். கண்ணை மூடினேன். நீங்கள் பாறையோரமாக முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறீர்கள், நான் பழம் வாங்கிக்கொண்டு வருகிறேன், வந்துகொண்டே இருக்கிறேன், வழி தீரவில்லை. "அக்கா, தூங்கிராதீங்க" என்று அவள் என் தோளைத் தொட்டாள்.

ஒரு வால்வில் துளி ரத்தம் பின்னால் கசிகிறதாம், பலருக்கும் இருப்பதுதானாம். படபடப்புக்கு ஒரு மாத்திரை, அடுத்த வருடம் மறுபடி எக்கோ எடுத்துப் பார்த்தால் போதும் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

வெளியே பெஞ்சில் அண்ணன் தண்ணீர்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். ஒன்றும் இல்லை என்று சொன்னேன். தலையை ஆட்டினான். நான் செருப்பைப் போடக் குனிந்தபோது, "செயின் முதுகுல கெடக்கு" என்றான். இழுத்து முன்னால் விட்டுக்கொண்டேன்.

"அவளும் அன்னைக்கு இப்பிடித்தான் ரோட்டுல நடந்தாளாமே" என்றான்.

நான் நிமிர்ந்தேன். "ஒனக்கு யாரு சொன்னா?"

"அவதான். குத்தாலத்துல இருந்து போன் பண்ணுனாள்லா. எக்கோ எடுத்தேன், பயப்படாதீங்கன்னு எல்லாத்தையும் சொல்லிட்டா."

அண்ணனிடம் சொல்லிவிடாதே என்று என் கையைப் பிடித்துக் கேட்டுவிட்டு, நீங்களே சொல்லிவிட்டீர்கள். உங்களுக்கு எந்த ரகசியம்தான் வாயில் நின்றது? "எல்லாத்தையும்னா?" என்று கேட்டேன்.

அண்ணன் பாட்டில் மூடியைத் திறந்தான், மூடினான். "‘இன்னைக்கு ஒங்களக் கொண்டுபோயி ஒங்க தங்கச்சி கையில குடுத்துட்டேன். அவ கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. அதான் எனக்கு நிம்மதியாக் கண்ணசந்துட்டு’ன்னா."

நான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். கண் மறைத்தது.

"பின்ன, இந்தச் செயின வேற யாருக்குக் குடுப்பேன்னு நெனச்ச?" என்று சொல்லிவிட்டு, அண்ணன் எனக்கு முன்னால் படியிறங்கிப் போனான்.

அன்றைக்கு நீங்கள் தூங்கியது கட்டிலை உயர்த்தி வைத்ததால் இல்லை மதினி. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருடமும் ஒரு எக்கோவும் தேவைப்பட்டிருக்கிறது. வருகிற ஆவணியில் பக்கத்து வீட்டில் கல்யாணம். தாலித்தட்டு வரும்போது நான் பந்திப் பக்கம் போகப் போவதில்லை. முன்னால் நிற்பேன், தொடுவேன். யாராவது முகத்தைச் சுளித்தால், கவுண்டரில் விழுவதுபோல விழுவேன்.

இருட்டிக்கொண்டு வருகிறது. சாரல் நிற்கவில்லை. கண்ணியில் காய்ந்த ஜெல்லியைச் சுரண்டாமல் அப்படியே கழுத்தில் போட்டுக்கொண்டேன். நீங்கள் அண்ணனைக் கொடுத்துவிட்டுத் தூங்கிய கை இருக்கிறதே, அந்தக் கையால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.